ஏணி வரையாமல் கூட்டாட்சிப் பாடம் நடத்துவது எப்படி

கூட்டாட்சிப் பாடம் வந்துவிட்டால் பெரும்பாலான வகுப்புகளில் கரும்பலகையில் ஒரு ஏணி ஏறிவிடும். உச்சியில் டெல்லி, அதற்குக் கீழே சென்னை, அடுத்தது மாவட்டம், அடியில் ஊராட்சி. வரைய இரண்டு நிமிடம் போதும். பிள்ளைகள் மனத்திலிருந்து அதை அழிக்க ஒரு வருடம் போதாது. அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை முதலமைச்சரைப் பிரதமருக்குக் கீழே வேலை பார்க்கும் மேனேஜராகத்தான் நினைக்கும். "பிடிக்கவில்லை என்றால் பிரதமர் அவரை மாற்றிவிடலாமே சார்?" என்று கேட்கும். அது படம் கிளப்பிய கேள்வி. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தலா 45 நிமிடத்தில் நான்கு பாடவேளை வேண்டும். கூடுதலாக இரண்டு கிடைத்தால் காவிரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சொற்களைத் தீர்த்துவிடுங்கள். மத்திய அரசு, நடுவண் அரசு, ஒன்றிய அரசு மூன்றும் ஒன்றுதான். பாடநூல், செய்தித்தாள், வீட்டுப் பேச்சு ஆகிய மூன்றிலும் மூன்று பெயர் புழங்குவதால் பிள்ளைகள் மூன்று அரசு இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். கிராமத்துப் பள்ளிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே 'ஒன்றியம்' என்றால் ஊராட்சி ஒன்றியம், 'ஒன்றிய ஆபீஸ்' என்றால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) உட்காரும் கட்டடம். ஒன்றிய அரசு ராணுவத்தை வைத்திருக்கிறது என்று நீங்கள் சொல்லும்போது, பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஒன்றிய அலுவலகம்தான் அவர்கள் கண்முன் வரும். அரசியலமைப்பின் முதல் உறுப்பு இந்தியாவை 'மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது, அந்தச் சொல்தான் இது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டால் போதும். எந்த விஷயத்துக்கு யார் சட்டம் போடலாம் என்று அரசியலமைப்பு ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், இருவருக்குமான பொதுப்பட்டியல் என மூன்றாகப் பிரித்திருக்கிறது. பொதுப்பட்டியலுக்கு ஒத்திசைவுப் பட்டியல் என்று இன்னொரு பெயர் உண்டு. இரண்டையும் பலகையின் ஓரத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள்.

ஏணிக்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது மூன்று கேள்விகள்: சட்டம் யார் போட்டது? பணம் யார் கொடுப்பது? வேலை செய்பவர் யாருடைய ஆள்? எதை எடுத்தாலும் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பதில் வரும் விஷயங்கள் நம் ஊரில் குறைவு. கூட்டாட்சி எங்கே நடக்கிறது என்பதை அந்த வேறுபாடே காட்டிக்கொடுக்கும்.

தேர்தலை எடுங்கள். மக்களவைத் தேர்தலுக்கான சட்டம் நாடாளுமன்றம் போட்டது, செலவு ஒன்றிய அரசுடையது, நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். ஆனால் வாக்குச்சாவடியில் மை வைப்பவர் அதே பள்ளியின் ஆசிரியராக இருக்கலாம். அவருக்குச் சம்பளம் தருவது மாநில அரசு. உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஆணையமே வேறு: மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டு ஆணையங்கள் இருப்பதைப் பத்தாம் வகுப்பை முடித்த பலரும் அறியாமலே போகிறார்கள்.

சத்துணவு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு, தட்டிலேயே கிடைத்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை அரிசி ஒன்றிய அரசின் ஒதுக்கீட்டில் வருகிறது. சமையல் செலவை ஒன்றியமும் மாநிலமும் 60க்கு 40 என்ற கணக்கில் பகிர்கின்றன. முட்டை மாநிலத்தின் பணம். அமைப்பாளரும் சமையலரும் மாநிலத்தின் ஆட்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமோ முழுக்க மாநிலத்துடையது. ஒரே பள்ளியில் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கணக்கு வேறு.

ரயில் நிலையத்தில் இரண்டு வகைக் காவலர்கள் நிற்பார்கள். ஆர்.பி.எஃப். என்ற ரயில்வே பாதுகாப்புப் படை ஒன்றிய அரசுடையது. ரயில்வே சொத்தைக் காப்பது அதன் வேலை. இருப்புப்பாதை காவல் நிலையம் தமிழ்நாடு காவல்துறையைச் சேர்ந்தது. ஓடும் ரயிலில் செயினை அறுத்தால் வழக்குப் பதிவது அவர்கள். 'ரயில்வே ஒன்றியப் பட்டியல், காவல் மாநிலப் பட்டியல்' என்று மனப்பாடம் செய்த பிள்ளையிடம் இதைக் கேட்டால் திணறும். மாநிலப் பட்டியலில் 'ரயில்வே காவல் உட்பட' என்றே எழுதியிருக்கிறது என்பதைக் காட்டுங்கள்.

முதல் பாடவேளைக்கு வீட்டிலிருந்து காகிதம் கொண்டுவரச் சொல்ல வேண்டும். முந்தின நாளே சொல்லுங்கள்: ஹோட்டல் பில், வீட்டு வரி ரசீது, பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், பெட்ரோல் பில், ஆன்லைனில் வாங்கிய பொருளின் பில். பெயரும் போன் நம்பரும் தெரியாமல் பேனாவால் அடித்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு குழு, எட்டுக் குழுக்கள். ஒவ்வொரு காகிதத்தின் பின்பக்கமும் மூன்று கேள்விக்கான பதிலைப் பென்சிலால் எழுதட்டும். தவறு நிறைய வரும், அழிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் பென்சில்.

ஹோட்டல் பில் ஒன்றே பாதிப் பாடத்தை நடத்திவிடும். நூறு ரூபாய்க்குச் சாப்பிட்டால் 2.50 சிஜிஎஸ்டி, 2.50 எஸ்ஜிஎஸ்டி. ஒன்று ஒன்றியத்துக்கு, மற்றது மாநிலத்துக்கு. இரண்டு அரசும் ஒரே இட்லியின் மேல் நேரடியாக வரி போடுகின்றன. ஒன்று வசூலித்து மற்றதற்குப் பிச்சை போடவில்லை. பெங்களூரிலிருந்து கூரியரில் வந்த பொருளின் பில்லில் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரி இருக்கும். அதை ஒன்றியம் வசூலித்து, பொருள் போய்ச் சேர்ந்த மாநிலத்தின் பங்கை அதற்குத் தரும். அந்தப் பங்கு கர்நாடகத்துக்கா, தமிழ்நாட்டுக்கா என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு கர்நாடகம் என்று சொல்லும். ஜிஎஸ்டி நுகர்வு நடக்கும் இடத்துக்கான வரி என்பதை அப்போது சொன்னால் மறக்காது.

பெட்ரோல் பில்லில் ஜிஎஸ்டி என்ற சொல்லே இருக்காது. பெட்ரோல் இன்னும் அதற்குள் வரவில்லை. ஒன்றியம் கலால் வரி போடுகிறது, மாநிலம் வாட் போடுகிறது. மது முழுக்க மாநிலத்தின் கையில். (டாஸ்மாக் பில்லை யாரும் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.)

இங்கே வழக்கமாகத் தடுக்கும் கல் ஒன்று உண்டு. சின்னக் கடைகளின் பில்லில் வரியே இருக்காது. 'கடைக்காரர் ஏமாற்றுகிறார்' என்று ஒரு பிள்ளை உடனே தீர்ப்பு எழுதிவிடும். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் என்ற ஜிஎஸ்டி திட்டத்தில் பதிந்த கடை, வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. மொத்த விற்பனையில் சிறு விழுக்காட்டைத் தானே கட்டிவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம், தெருமுனை டீக்கடைக்காரர் பள்ளிப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொள்வார்.

கடலோரப் பள்ளி என்றால் பில்லை விட மீன் நல்லது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடித்தல் மாநிலத்தின் பொறுப்பு, அதற்கு அப்பால் ஒன்றியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மாநிலத்தின் தடை, அந்தப் பக்கம் ஒன்றியத்தின் தடை, நாட்கள் ஒன்றே. இரண்டும் வேறு வேறு நாளில் வந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் பாடவேளையில் பட்டியல்கள். அந்த மூன்று பட்டியல்களும் இருக்கும் ஏழாவது அட்டவணையில் தொடக்கத்தில் ஒன்றியத்துக்கு 97, மாநிலத்துக்கு 66, பொதுவில் 47 இனங்கள். இந்த எண்களை ஒப்பிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேர்வுக்கு வேண்டுமென்றால் எழுதிப் போட்டுவிட்டு நகருங்கள். எண்ணை விட நகர்வு முக்கியம். 1976இல் 42ஆவது திருத்தம் ஐந்து விஷயங்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது: கல்வி, காடு, வன விலங்கும் பறவைகளும், எடை அளவைகள், உயர் நீதிமன்றத்துக்குக் கீழுள்ள நீதிமன்றங்களின் அமைப்பு. தமிழ்நாட்டில் கல்வியை வைத்து இத்தனை வாக்குவாதம் ஏன் நடக்கிறது என்பதற்கான வேர் இந்த ஒரு வரியில் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாத புதிய விஷயம் வந்தால் அது நாடாளுமன்றத்துக்குப் போகும்; அதை எஞ்சிய அதிகாரம் என்பார்கள்.

பொதுப்பட்டியலை ஜல்லிக்கட்டைக் கொண்டு நடத்தினால் வகுப்பு தூங்காது. படிப்படியாகப் போங்கள். விலங்குவதைத் தடுப்பு பொதுப்பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றம் 1960இலேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டது. தமிழ்நாடு 2009இல் ஜல்லிக்கட்டை முறைப்படுத்தத் தனிச் சட்டம் போட்டது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்கு இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது, மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்ற காரணத்தால். இங்கே நிறுத்தி, 'இப்போது மாநிலம் என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். மெரினா என்று எல்லோரும் கத்துவார்கள். மெரினாவில் கூட்டம் கூடியதால் மட்டும் சட்டம் மாறிவிடாது. 2017 ஜனவரியில் சட்டமன்றம் மத்தியச் சட்டத்துக்கே மாநிலத் திருத்தம் கொண்டுவந்து, இம்முறை குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. 254ஆவது உறுப்பின் இரண்டாம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது: ஒப்புதல் கிடைத்தால் முரண்பட்ட மாநிலச் சட்டமும் அந்த மாநிலத்துக்குள் செல்லும். 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது. 2009க்கும் 2017க்கும் இடையே மாறியதில் அந்த ஒப்புதலைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்வரை விடையைச் சொல்லாதீர்கள்.

அடுத்த கேள்வி தானாக வரும்: அப்படியானால் நீட்? அதே கதவுதான், திறக்கவில்லை. மருத்துவப் படிப்புக்கான அந்த நுழைவுத் தேர்விலிருந்து விலக்கு கேட்டு 2017இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதாக்களுக்கும் 2021இல் நிறைவேறியதற்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை. இந்த இடத்தில் வகுப்பு கட்சி பிரிந்துவிடும். வீட்டில் கேட்டதை அப்படியே இறக்கிவைப்பார்கள். 'நீட் நல்லதா கெட்டதா' என்ற விவாதத்துக்கு இந்தப் பாடத்தில் இடம் கொடுக்காதீர்கள். 'யார் கையெழுத்து எங்கே வேண்டும்' என்பதை மட்டும் கேளுங்கள். இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே விடையை எழுத முடிகிற கேள்வி அது. ஒப்புதல் கிடைத்துவிட்டாலும் நாடாளுமன்றம் பின்னால் சட்டம் போட்டு அதை மாற்றலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் ஒப்புதலை ஒரு தாயத்தைப் போல நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் பாடவேளை எனக்கு மிகவும் பிடித்தது: ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து உட்கார்ந்து வரி விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றத்தை வகுப்பில் கூட்டுவது. 28 மாநிலங்கள், சட்டமன்றம் உள்ள டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீர் என 31 சீட்டு எழுதிக் குலுக்குங்கள். ஒருவர் ஒன்றியம். மீதி எட்டுப் பேர் வாக்கு எண்ணுபவர்கள். ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. பின்னத்தோடு மல்லுக்கட்டாமல் இருக்க ஒரு வழி: மாநிலத்துக்குத் தலா 2 புள்ளி, ஒன்றியத்துக்கு எத்தனை மாநிலங்கள் வாக்களிக்கின்றனவோ அத்தனை புள்ளி. 31 மாநிலம் என்றால் 62, ஒன்றியம் 31, மொத்தம் 93. நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும், அதாவது குறைந்தது 70.

'சைக்கிளுக்கு வரியே வேண்டாம்' என்று ஒரு தீர்மானத்தை வைத்து மூன்று சுற்று நடத்துங்கள். முதல் சுற்றில் ஒன்றியம் மட்டும் எதிர்க்கட்டும். மாநிலங்கள் ஒன்று விடாமல் கை தூக்கினாலும் 62தான், தோற்றுவிடும். இரண்டாவதில் ஒன்றியம் ஆதரிக்கட்டும், 19 மாநிலங்கள் சேரட்டும்: 69, ஒரு புள்ளியில் போச்சு. இருபதாவது கை உயர்ந்தால் 71. மூன்றாம் சுற்றில் 12 மாநிலங்கள் சேர்ந்து எதிர்த்தால் ஒன்றியமும் நிறைவேற்ற முடியாது என்று தெரியும். உத்தரப் பிரதேசச் சீட்டு வைத்திருப்பவர் தனக்கும் சிக்கிமுக்கும் ஒரே 2 புள்ளியா என்று சண்டைக்கு வருவார். வரட்டும். மாநிலங்களவையில் அந்த மாநிலத்துக்கு 31 இடம், தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1 என்பதைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடையாது. அங்கே மக்கள்தொகை பேசுகிறது, இங்கே மாநிலம் என்ற தகுதி பேசுகிறது. நிஜ மன்றத்தில் பெரும்பாலும் ஒருமித்த முடிவுதான். முதன்முறையாக வாக்கெடுப்புக்குப் போனது 2019 டிசம்பரில், லாட்டரி வரி விஷயத்தில். லாட்டரியையே தடை செய்துவிட்ட தமிழ்நாட்டில் இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நான்காவது, பணப் பங்கீடு. நூறு புளியங்கொட்டை போதும். அது பகிர்வுக்குரிய வரித் தொகை. இந்தத் தொகையை ஒன்றியமும் மாநிலங்களும் எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு அதில் 41ஐ மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அந்த 41இல் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. கணக்குப் போட்டால் 1.67 கொட்டை, இரண்டாவது கொட்டையை உடைக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 விழுக்காடு, ஏழு கொட்டைக்குக் கொஞ்சம் மேலே. ஏன் இப்படி என்பதற்கு அளவுகோல்களை எழுதிப் போடுங்கள்: வருமான இடைவெளி 45, மக்கள்தொகை 15, பரப்பு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாடு 12.5, காடும் சூழலும் 10, வரி வசூல் முயற்சி 2.5. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போக வேண்டும் என்ற எண்ணம்தான் அதில் பெரிய பங்கு. எது நியாயம் என்று குழுக்கள் எடையை மாற்றிப் பார்க்கட்டும். ஒரே விதி, மொத்தம் 100ஐத் தாண்டக் கூடாது.

ஆசிரியர்களே இங்கே அடிக்கடி சறுக்குகிறோம். 'மொத்த வரியில் 41 விழுக்காடு' என்று சொல்லிவிடுகிறோம். வரியின் மேல் ஒன்றியம் கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் இந்தக் குவியலுக்குள் வராது. கொட்டை எண்ணத் தொடங்கும் முன்பே ஒரு கைப்பிடியை எடுத்து டப்பாவில் போட்டு மூடி, மேலே 'செஸ்' என்று எழுதி மேசையில் வைத்துவிடுங்கள். அந்த டப்பா ஏன் ஆண்டுக்கு ஆண்டு வாக்குவாதமாகிறது என்று ஒருவராவது கேட்பார்.

ஊராட்சிக்கு மட்டும் ஏணி கொஞ்சம் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உள்ளாட்சிகளுக்கான 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. 11ஆவது அட்டவணை 29 விஷயங்களை அடுக்குகிறது. ஆனால் அவற்றில் எதை, எவ்வளவு ஊராட்சியிடம் ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்கிறது; தமிழ்நாட்டில் அது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம். டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் மாநிலம், ஊராட்சிக்கு எவ்வளவு விட்டுக்கொடுத்தது என்று ஒரு பிள்ளை கேட்டால் நழுவாதீர்கள். கலெக்டர் எந்தப் படியிலும் இல்லை: ஒன்றியத் தேர்வாணையம் தேர்ந்தெடுத்து, குடியரசுத் தலைவர் நியமித்து, மாநிலத்துக்கு வேலை பார்க்கும் அதிகாரி. மூன்று கேள்வியில் மூன்றாவதைக் குழப்புவதற்கென்றே இருக்கும் பதவி.

காவிரிக்கு இரண்டு பாடவேளை தாராளமாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி தீர்ப்பின்படி காவிரியின் 740 டி.எம்.சி. நீரில் தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, கேரளம் 30, புதுச்சேரி 7; சூழலுக்கு 10, கடலில் தவிர்க்க முடியாமல் கலப்பது 4. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. எல்லாரும் தமிழ்நாடாகவே இருக்க விரும்புவார்கள், அதனால் இங்கும் சீட்டுதான். காரைக்காலுக்காகப் பேசும் புதுச்சேரிக்காரரை வகுப்பு மறந்துவிடும். அவரை முதலில் பேச விடுங்கள். பிறகு 'இந்த வருடம் மழை குறைவு, 600தான் இருக்கிறது' என்று அறிவியுங்கள். விகிதப்படி குறைத்தால் தமிழ்நாட்டுக்கு ஏறக்குறைய 328, கர்நாடகத்துக்கு 231. கர்நாடகம், 'எங்கள் சட்டமன்றத்தில் சட்டம் போட்டு அணையை மூடிக்கொள்கிறோம்' என்று சொன்னால் அதுவும் நடந்த கதைதான்: 1991இல் அவசரச் சட்டம் போட்டார்கள், செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. ஆற்று நீர் மாநிலப் பட்டியலில் இருந்தாலும் மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறு அதற்குள் அடங்காது. அதனால்தான் தீர்ப்பாயம், அதனால்தான் 2018இல் மேலாண்மை ஆணையம்.

தேர்வுத்தாளில் 'கூட்டாட்சியின் இயல்புகள் ஐந்து எழுதுக' என்று கேட்காமல், மூன்று கேள்விக்கும் ஒரே விடை வராத ஒரு பொருளை அவரவர் தெருவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். ஹெல்மெட் அபராதம் என்று பலர் எழுதுவார்கள்: சட்டம் நாடாளுமன்றத்துடையது, பிடிப்பவர் மாநிலக் காவலர், பணம் மாநிலக் கருவூலத்துக்கு. முழு மதிப்பெண் போடலாம். ரேஷன் கடை என்று மட்டும் எழுதி நிறுத்தினால் பாதிதான். அரிசிக்கு ஒரு கணக்கு, பாமாயிலுக்கு வேறு கணக்கு; எது என்று சொல்லியிருக்க வேண்டும்.